மிச்சமான ஆணி

தேயிலைச் செடிகள் காலைக் கீற, மெக்கானிக் பத்திநாதன் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து இறங்குகிறான். இரண்டு வருடமாக அவன் பழுது பார்த்த, தோட்டத் துரையின் கூரையில்லாத பழைய எம்.ஜி. காரில், ஸ்டியரிங் கம்பி கழலாமல் பிடித்திருக்க வேண்டிய ஆணி அவன் உள்ளங்கையில் இருக்கிறது. துரை கிளம்பிய பிறகுதான், கழற்றிய பாகங்களைப் பரப்பியிருந்த சாக்கின்மேல் அதைக் கண்டான். மேல் வளைவில் சிவப்புக் கார் உறுமுகிறது. கீழே ரோட்டில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வருகிறார்கள். "ரோட்ட மறிங்க! துரைய நிப்பாட்டுங்க!" என்று கத்துகிறான். துரையின் வண்டி என்றதும் அவர்கள் பழக்கப்படி தண்ணீர் ஓடும் கானோரம் ஒதுங்கிச் சலாம் வைக்கிறார்கள். அவன் ரோட்டில் குதிப்பதற்குள் கார் கடந்துவிடுகிறது. வெயிலில் மின்னும் ஆணியை உயர்த்திப் பிடித்து அலறுகிறான். துரை திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். "நல்லா ஓடுது, பத்திநாதன்!" என்று கையாட்டிவிட்டு, பாலத்து வளைவை நோக்கி இன்னும் வேகம் கூட்டுகிறார்.