விகுதி

அவள் அந்த வரியில் நின்றுவிட்டாள்.

விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து திரும்பப் படித்தாள்.

'இருட்டில் அந்த உருவம் மாடிப்படி ஏறியது. கிழவரின் அறைக் கதவைத் தள்ளியது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.'

நின்றாள்.

எழுதியவருக்கே தெரியாமல் விழுந்த சொல். அச்சுக்குப் போகும் முன் பார்த்தவர்களும் விட்டிருக்கிறார்கள்.

எதிரே கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு. எலும்பைத் தட்டில் தட்டினார்.

"இன்னுமா அந்த போலீஸ் ஜீப் மலை ஏறல?"

அவள் நிமிரவில்லை.

"கெழவன் செத்து நூறு பக்கம் ஆச்சு. எல்லாரும் சுத்தி உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கானுங்க. இதையும் ஒருத்தி படிக்கறா பாரு."

மெதுவான நாவல்தான். மழை, எஸ்டேட் பங்களா, செத்துப்போன முதலாளி. ஒரு கதவு திறக்க இரண்டு பக்கம் ஆகும்.

அவளுக்கு அந்த மெதுவான போக்கே பிடித்திருந்தது. மெதுவாகப் போனால்தான் வேலைப்பாடு கண்ணில் படும்.

தமிழில் ஒரு கொலைகாரரை ஒளித்துவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வந்தான் என்றால் ஆண். வந்தாள் என்றால் பெண். வாக்கியத்தின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கும். அதனால் எழுதுகிறவர் ஆளை 'உருவம்' ஆக்கிவிடுவார். உருவம் வந்தது, நின்றது, போனது. அஃறிணையாகிவிட்டால் மீசையும் இல்லை, கூந்தலும் இல்லை.

ஆனால் எத்தனை பக்கத்துக்கு ஒருவரை அப்படிப் போர்த்தியே வைத்திருக்க முடியும்? எங்காவது கை அசரும்.

அசந்த இடம் இது, கொலை நடந்த இரவை நாவல் திரும்பச் சொல்லும் பக்கம்.

அன்றிரவு பங்களாவில் இருந்த பெண் ஒருத்திதான். கிழவருக்கு ஊசி போட வந்த நர்ஸ்.

அவள் பக்கத்தைத் திருப்பவில்லை.

பேச்சில் ஒளிப்பதற்கு இன்னொரு வழி இருக்கிறது. அது இன்னும் சுலபம். மரியாதை. 'வந்தாங்க' என்றால் போதும். அதற்குள் ஆணும் பதுங்கலாம், பெண்ணும் பதுங்கலாம்.

கணவர் ஆபீசில் யாருக்கும் மரியாதை தந்து அவள் கேட்டதில்லை. மேனேஜர் உளறினான். கேஷியர் லீவு போட்டுட்டான். ரிசப்ஷன்ல இருக்கறவ தூங்கறா.

ஒருவரைத் தவிர.

ஒருத்தங்க டிராப் பண்ணாங்க. ஒருத்தங்க வீட்டு விசேஷம், நான் மட்டும் போயிட்டு வந்துடறேன். அவங்களுக்கு உடம்பு சரியில்ல.

பெயர் வராது. ஆடியில் தொடங்கியது, ஐப்பசி மழை வந்த பிறகும் அவர் வாயில் அந்த 'ங்க' வழுக்கவே இல்லை.

யாரென்று அவள் கேட்கவில்லை. கேட்டால், உனக்குச் சந்தேக புத்தி என்பார். அடுத்த வாரம் அவளே அதை நம்பத் தொடங்கிவிடுவாள். அப்படி எத்தனையோ விஷயங்களை நம்பியிருக்கிறாள்.

அவளுக்கும் வேலை இருக்கிறது. போக அக்கா வீடு இருக்கிறது. போவதற்கு ஒரு சொல் மட்டும் இல்லை. அது அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

"கூப்ட்டா காது கேக்காதா?" கணவர் விரலை நக்கிக்கொண்டார். "சரி, நானே உன் கஷ்டத்தத் தீர்த்துடறேன். அந்த நர்ஸ்தான். கடைசிப் பக்கத்த நேத்தே பாத்துட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அது தொங்கிப்போவதைப் பார்க்கும் ஆசையில் வாயருகே கொண்டுபோன கவளம் அப்படியே நின்றது.

"தெரியும்" என்றாள்.

"என்னது?"

"நர்ஸுன்னு தெரியும்."

"புளுகாத. பாதிகூடத் தாண்டல நீ."

"மெதுவாப் படிச்சேன்."

அவர் காதோரம் சிவந்தது. கவளத்தைத் தட்டில் போட்டார்.

"பெரிய சிஐடி இவ. மூஞ்சிய இப்படி வெச்சிக்கிட்டு எதிர்ல உக்காந்தா மனுஷனுக்குச் சோறு எறங்குமா?"

அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். கரண்டியை எடுத்து அவர் தட்டில் குழம்பு ஊற்றினாள். நிதானமாக, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல்.

"உங்க ஆபீஸ்ல ஒருத்தங்க இருக்காங்களே" என்றாள். "அவங்க எதிர்ல உக்காந்தா எறங்குதா?"

ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தான் வைத்தாள். எந்த வாலிலும் ஆள் இல்லை.

"இப்ப எதுக்குடி அவள இழுக்கற?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

தான் சொன்ன சொல் அவர் காதிலேயே விழவில்லை.

மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் குக்கர் கத்தி ஓய்ந்தது.

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

அவன் இன்னும் மென்றுகொண்டிருந்தான்.