அறுபட்ட வால்

"இதோட வாலை அறுத்த ஆளு இன்னும் உயிரோட இருக்கானாமே. அவன் மூஞ்சியை ஒரு தடவை பாக்கணும்."

மியூசியத்தில் எதிரே நின்றதைக் காட்டி எரிச்சலோடு சொன்னாள் இசோட்டா.

சிங்க உடம்பு, முதுகில் ஓர் ஆட்டுத் தலை, வாலுக்குப் பதில் பாம்பு. பழங்கால இத்தாலியின் எட்ரஸ்கன் இனத்துக் கொல்லன் ஒருவன் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் வார்த்த வெண்கல மிருகம். இப்போது அந்தப் பாம்பை மட்டும் காணோம். ஃப்ளாரன்ஸில் மூன்று மாதமாக அதை ஆராய்ந்துகொண்டிருந்தவள், ரம்பத் தடம் சாய்ந்திருந்த விதத்தைக்கூட அளந்துவிட்டாள். அறுத்தவன் இடது கைக்காரன் என்பது வரை குறித்தாயிற்று. பாக்கி, வால் எங்கே என்பதுதான்.

சனிக்கிழமை காலையில் கோர்த்தோனா பக்கம் காரை விட்டாள். அந்த ஆளின் பேரைச் சொல்லி வழி கேட்டபோது, திராட்சைக் கொடி கவாத்து பண்ணிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"செத்திமியோவா? வால்வெட்டின்னு கேளுங்க, கழுதைகூட வழி காட்டும்."

வால்வெட்டிக்கு எண்பத்தொரு வயசு. ஒண்டிக்கட்டை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தார். எதிர்த் தட்டுக்கு மட்டும் கிளாஸ் இடது பக்கம் இருந்தது.

"உக்காருங்க டாக்டரம்மா. கொடி நட குழி தோண்டறப்ப கிடைச்சுது. நான்தான் அறுத்தேன். நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. மூணு மாசம் உள்ளே இருந்துட்டும் வந்துட்டேன். இன்னும் என்ன?"

"வால் எங்கே?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"மறந்து போச்சு."

கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள் இசோட்டா. கிழவர் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். கத்தி வலது கையில் இருந்தது.

திட்டுவதை விட்டுவிட்டு, எதிர்த் தட்டின் கிளாஸை ஒரு தடவை பார்த்தாள்.

"பெரியவரே, அந்த வாலை அறுத்தது இடது கைக்காரர். நீங்க இல்ல."

கத்தி நின்றது.

"அதையுமா கண்டுபிடிக்கறீங்க?" என்றார். ரொட்டியைக் கீழே வைத்தார். "தம்பி, துய்லியோ. அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏற ரெண்டு நாள்தான் இருந்துது. நம்ம நிலத்துலேர்ந்து ஏதாவது ஒண்ணு கூட இருக்கணும்னான். சிங்கத்தைத் தூக்கிட்டா போக முடியும்? பாம்பை அறுத்து எடுத்துட்டுப் போயிட்டான், மடையன். போலீஸ் இங்கே வந்தப்ப அவன் ஜெனோவா துறைமுகத்துல நிக்கறான். பொண்டாட்டி வேற மாசமா இருந்தா. நான்தான்னு சொல்லிட்டேன்."

ஊரே காறித் துப்பின மனுஷன். மூன்று மாதமாகத் தானும் துப்பியதை நினைத்து இசோட்டாவுக்கு வெட்கமாக இருந்தது.

"அவர் திரும்பி வரவே இல்லையா?"

"வருஷா வருஷம் திராட்சை அறுப்புக்கு லெட்டர் வரும். ‘நான் வந்தா உண்மை வெளியே வந்துடும், பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்க. பயமில்லேன்னு ஆகட்டும், வாலோட வந்து நிக்கறேன்’னு எழுதுவான்."

ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தார்.

"அவனைப் பாக்கணும்மா. சாயங்கால பஸ் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பேன். பஸ் போயிடும், உள்ளே வந்துடுவேன். அவன் இருமற சத்தத்தையாவது ஒரு தடவை கேக்கணும்."

இசோட்டா எழுந்தேவிட்டாள். இத்தனை சின்ன முடிச்சுக்கா இத்தனை வருஷம்?

"அட, என்ன பயம் பெரியவரே? இந்த மாதிரி கேசுக்கெல்லாம் சட்டத்துல கெடு இருக்கு. அது தாண்டி முப்பது வருஷம் ஆச்சு. அவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. வால் திரும்பி வந்தா எங்களுக்கும் சந்தோஷம். ஒரு பேப்பர் குடுங்க, நானே அவருக்கு எழுதறேன்."

செத்திமியோ பேப்பர் எடுக்கப் போகவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கெடு தாண்டினது. வக்கீல் அப்பவே சொன்னார். முப்பது வருஷமாத் தெரியும். நான்தான் அவனுக்கு எழுதல."

இசோட்டாவுக்கு ஒன்றுமே புரியவில்லை.

"தம்பியைப் பாக்கணும், பாக்கணும்னு தவிக்கறீங்க. ஒரு வரி எழுதறதுக்கு என்ன?"

கிழவர் எதிர்த் தட்டின் கிளாஸை எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி இடது பக்கமே வைத்தார்.

"எழுதிடலாம். அதுக்கப்புறமும் அவன் வரலேன்னா?"