பிரேக்கை நம்பி

பிரேக் பிடியை இழுத்தான். அது கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது.

மறுபடி இழுத்தான். பஞ்சைப் பிடித்தது போல இருந்தது.

எதிரே மஞ்சள் பலகை. 9/14. கொண்டை ஊசி வளைவு. அதற்கப்பால் சாலை இல்லை, வானம்தான் தெரிந்தது.

பின்பிரேக்கை மிதித்தான். கியரை அடித்து இறக்கினான். வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பள்ளத்தில் போவதற்கு மலையில் மோதுவது மேல் என்று கை தானாக முடிவு செய்து, உள்பக்க மண்மேட்டில் வண்டியைக் கொண்டுபோய்ச் சாத்தியது.

வண்டி நின்றது. அவனும் இருந்தான்.

பேண்ட் கிழிந்து முழங்காலில் ரத்தம். ஹெல்மெட்டைக் கழற்றித் தடுப்புச்சுவர் மேல் வைத்தான். அதில் மாட்டியிருந்த கேமராவின் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பார்க்க நல்ல வண்டிதான். சும்மா சொல்லக் கூடாது. அப்பா காலத்து உருண்டை விளக்கு, நீள சீட்டு, டேங்கில் குரோம் பட்டை. உருண்டை மீட்டருக்குள்ளே மட்டும் இந்தக் காலம். வழி காட்டும், போனுக்கு வருகிற மெசேஜ் அதிலேயே ஓடும். போன வாரம் தன் யூடியூப் சேனலில் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியிருந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"மலையிலயும் இறக்கிப் பாத்துட்டேன் மக்களே. இந்த பிரேக்கை நம்பி எங்கம்மாவையே பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டு வருவேன்."

அன்றைக்கு அவன் மலை ஏறவே இல்லை. அடிவாரத்தில், முதுகுக்குப் பின்னால் மலை தெரிகிறபடி நின்று, வாய் கூசாமல் சொன்னான். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, வண்டி எப்படி என்று சொல்லும் கடைசிப் பேச்சை எடுத்துவிடுவார்கள். ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் வீடியோ போட்டவன் பக்கம்தான் கூட்டம் போகும். குட்டி வீடியோக்களுக்கு வளைவுக் காட்சிகள் வேண்டுமென்று, கம்பெனியில் கேட்டு அதே வண்டியை மறுபடி வாங்கி இன்றுதான் மலைக்கு வந்திருந்தான்.

அதற்குள் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

உட்கார்ந்தே இருந்தான்.

வெகுநேரம் கழித்து, பயந்து பயந்து எழுந்துபோய்ப் பிடியைத் தொட்டான்.

கெட்டியாக இருந்தது.

மறுபடி இழுத்தான். பிடித்தது. இறக்கம் முழுக்கப் பிடித்துப் பிடித்து பிரேக்கில் ஏறிய சூடு ஆறியதும், ஒன்றுமே நடக்காதது போல நின்றது வண்டி. சொன்னால் எவன் நம்புவான்?

சொல்லாவிட்டால் எவனுக்குத் தெரியும்?

அந்த இரண்டாவது கேள்வியும் அவனுக்குள்ளிருந்துதான் வந்தது.

அப்போது மீட்டரில் எழுத்து ஓடியது. தங்கை தேன்மொழி.

அண்ணா, நீ சொன்ன வண்டியையே எடுத்துட்டோம். சர்ப்ரைஸ். பூஜை போட மலைக்கோயிலுக்கு வர்றோம். நீ அங்கதான் இருக்கேன்னு அம்மா சொன்னாங்க. அடிவாரத்துல டீ குடிச்சாச்சு, ஏறப் போறோம். பாப்பா டேங்க் மேல.

போன் போட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டான். வண்டி கிளம்பியிருக்கும்.

ஏறும்போது பயமில்லை. ஏறுவதற்கு யாருக்கு பிரேக் வேண்டும்? சாமி கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக இறங்குவார்கள். மூன்று பேர். பதினாலு வளைவு.

கீழே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றான்.

எட்டாவது வளைவில் வந்தது அந்தச் சத்தம். கேட்டுக் கேட்டு மனப்பாடமான சத்தம். கூடவே விடாமல் ஹாரன். பாப்பாவின் வேலை.

ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. டேங்கில் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழங்கள் ஒரு பையில் ஆடிக்கொண்டிருந்தன. தங்கை புருஷன் தமிழரசு முகமெல்லாம் பல்லாக வண்டியை நிறுத்தினார்.

"சாவியக் குடுங்க மச்சான்."

ஒரு ரவுண்டு போகத்தான் கேட்கிறான் என்று நினைத்தார். இறங்கி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவன் வண்டியில் ஏறவில்லை. சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். சுவர் மேல் இருந்த ஹெல்மெட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்தான். சிவப்புப் புள்ளி அவன் முகத்தைப் பார்த்தது.

"வீடியோவுல நான் சொன்னது பொய். மலையில இறக்கவே இல்ல. இன்னைக்குத்தான் இறக்கினேன். பிரேக் பிடிக்கல."

தமிழரசுக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மண்மேட்டில் சாய்ந்திருந்த வண்டியிடம் போனார். பிடியை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"நல்லாத்தான மச்சான் பிடிக்குது?" என்றார். பிறகு கேமராவைக் கவனித்தார். சிரிப்பு திரும்பி வந்தது. "இதுவும் வீடியோவா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை அவனே நம்பியிருக்க மாட்டான்.

தேன்மொழி வண்டியைப் பார்க்கவில்லை. அண்ணனின் கிழிந்த பேண்ட்டைப் பார்த்தாள். சாவியை மூடியிருந்த கையைப் பார்த்தாள். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

டேங்கிலிருந்து பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கீழ போற பஸ்ஸு எத்தனை மணிக்குண்ணா?"