அகன்ற வாசல்

அப்பாவின் சக்கர நாற்காலி நுழையும்படி குளியலறை வாசலை அகலப்படுத்தினால் போதும் என்றுதான் செண்பகவல்லி கொத்தனார் அந்தோணியை அழைத்தாள். "மூணே வாரம்க்கா" என்றார் அவர். சுவரை இடித்ததும் உள்ளே குழாய் துருப்பிடித்துக் கிடந்தது தெரிந்தது. குழாயை மாற்றத் தரையைத் தோண்ட வேண்டியதாயிற்று. தரை போனபின் வீடு முழுக்க வேலை என்றாகிவிட்டது. அறை அறையாக அப்பாவின் கட்டிலை அவளே இழுத்துப் போட்டாள். தூசியில் அவர் இருமாதிருக்க, கதவில் ஈரச் சேலையைத் தொங்கவிட்டாள்.

ஐந்தாம் மாதம் ஒருவழியாக வேலை முடிந்தது. மறுநாள் காலையே அப்பாவை உட்காரவைத்து, நாற்காலியைக் குளியலறைக்கு உருட்டிக்கொண்டு போனாள். எங்கும் இடிக்கவில்லை. ஆனால் அப்பா இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டார். புது டைல்ஸையும் கைப்பிடிக் கம்பியையும் மிரண்டு பார்த்தார்.

"யார் வீடும்மா இது? ரொம்ப நாள் இருந்துட்டோம். நம்ம வீட்டுக்குப் போயிருவோம்."

இதுதான் நம் வீடு என்று சொல்ல வாயெடுத்தவள், எத்தனை முறை கழுவியும் சிமெண்ட் போகாத தரையில், அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் அங்கதாம்ப்பா போகணும்."

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பக் கிளம்பும்மா" என்றார்.