தளர்ந்த மூடிகள்

“நோய் எதுவும் தெரியலல்ல? இறால் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுங்க மேடம்,” என்றார் திருத்துறைப்பூண்டி பண்ணைக்காரர் கருணாகரன்.

ஆய்வகத்தில் இறால் நோயைச் சோதிக்கும் ஃபிளோராவுக்கு மனம் ஒப்பவில்லை. நோயுள்ளதென்று தெரிந்தே ஒப்பிட வைத்த இறாலும் சோதனையில் நோயைக் காட்டவில்லையே! புதிய பிளாஸ்டிக் குழாய்களை அழுத்திப் பார்த்தாள். மூடிகள் இறுகவில்லை, இயந்திரச் சூட்டில் டி.என்.ஏ. கரைசல் வற்றியிருந்தது.

பழைய குழாய்களில் மறுபடி சோதித்தாள். வெள்ளைப்புள்ளி நோய் பளிச்சென்று தெரிந்தது. கண்டுபிடித்த கர்வத்தோடு கையெழுத்திட்டாள்.

மறுநாள் அவரே போன் செய்தார். “குட்டையக் காலி பண்ணிட்டோம் மேடம்.”

“உப்புத் தண்ணிய எங்க விட்டீங்க?”

“வாய்க்கால்லதான். கீழ ஒரு பெரியவர் வயல். கதிர் வர்ற நேரமாம், மண்ண வாரித் தூத்துறாரு.”

போனை வைத்ததும் மறுபடி மணி அடித்தது. அப்பா.

“நம்ம பயிர் போச்சு ஃபிளோரா. நோய்னு எழுதினது உங்க லேபுதானாம். யாருன்னு விசாரிச்சுச் சொல்லும்மா. அந்தக் கை வெளங்காமப் போகட்டும்.”