சேமித்தாயிற்று

மேலாளர் உள்ளே வந்ததும் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினார். அதற்கு நேர் கீழே, மேசைக்கு அடியில், கேபிளும் கையுமாக அவள் உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவில்லை. எது வீணாக ஓடினாலும் அவருக்கு வயிறு எரியும். சாயந்திரம் ஆறு மணியானால் ஆபீஸின் மெயின் சுவிட்சையே தன் கையால் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

“நான் இங்கதான் சார் இருக்கேன்.”

“இருக்கீங்களா? காத்துதான் வேணும்னா ஜன்னல் இருக்கேம்மா.”

அது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் போன் செய்து, அவருடைய கட்டடத்தின் ஃபைல் இங்கே கம்ப்யூட்டரில் திறப்பதற்குள், அவர் வேறு யாரையாவது கூப்பிட்டு வெளியே வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். இதைச் சரிசெய்யத்தான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவள் மேசைக்கு அடியில் புகுந்திருந்தாள்.

“டிஸ்க் பழசு சார். மாத்தணும்.”

“மாத்தாம வேகம் வரணும்.”

“அப்ப கேஷ் போடணும்.”

“கேஷெல்லாம் கிடையாதும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

“இது வேற கேஷ் சார். நாம எழுதறதை முதல்ல மெமரியில வாங்கி வெச்சுக்கும். வாங்கினதுமே ‘சேமித்தாயிற்று’ன்னு சொல்லிடும். அப்புறம் சாவகாசமா டிஸ்க்ல எழுதும்.”

மேலாளருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. செய்யாத வேலையைச் செய்தாயிற்று என்று சொல்லும் ஓர் ஆளைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பவர் அவர்.

“எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை டிஸ்க்ல எழுதும்?”

“நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சிருக்கேன்.”

“மணிக்கு ஒரு தடவை போதும். வேகம் குறையக் கூடாது.”

“நடுவுல கரண்ட் போனா, எழுதாம இருக்கறது எல்லாம் போயிடும் சார். ஒரு பேட்டரியாவது வாங்கி…”

“இங்க கரண்ட் போனதே இல்லை.”

அவள் அறுபது நிமிடம் என்று மாற்றினாள். இன்று அவளுடைய ஒப்பந்தத்தின் கடைசி நாள். வேலையை விட்டு அனுப்பும் நோட்டீஸ் இன்றைக்குள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதிவாகாவிட்டால், ஒப்பந்தம் தானாகவே இன்னும் ஒரு வருடம் நீளும். வீட்டில் கணவன் கால் ஒடிந்து மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. “வேகம் மட்டும் வரட்டும், உங்களை விட்டுடுவேனா?” என்று மேலாளர் காலையில் சொன்னதை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

வேகம் வந்தது. ஐந்தரை மணிக்கு மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். அவள் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். டிஸ்க்கில் எழுதியது ஐந்து முப்பது, அடுத்து எழுதப்போவது ஆறு முப்பது என்று திரை காட்டியது.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேலாளர் கூப்பிட்டார்.

“பிரமாதம்மா. இவ்வளவு நல்லா ஓடுதுன்னா, இனிமே பார்த்துக்க ஆள் எதுக்கு?”

அவளுக்குப் புரியவில்லை.

“உங்க நோட்டீஸை இப்பதான் டைப் பண்ணினேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சேமிச்சிடுச்சு. பழைய மாதிரின்னா கால் மணி நேரம் ஆகியிருக்கும்.” திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “பிரிண்ட் எடுக்கலை. காகிதம் வீண்.”

அவள் பெயருக்குக் கீழே ‘சேமித்தாயிற்று’ என்று பளிச்சென்று இருந்தது. காலையிலிருந்து மேசைக்கு அடியில் உட்கார்ந்து தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டதாக அவளுக்குத் தோன்றியது.

மணி ஆறு. மேலாளர் எழுந்து மெயின் சுவிட்ச் பக்கம் போனார். அவ்வளவு ஆத்திரத்திலும் அவளுக்குத் தொழில் புத்தி போகவில்லை.

“சார், அதை அணைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்…”

“பதினஞ்சு வருஷமா அணைக்கிறேன். எனக்குப் போய் சொல்லித் தர்றீங்களாம்மா?”

டப். விளக்கு அணைந்தது. மூலையில் கம்ப்யூட்டரின் இரைச்சலும் அடங்கியது.

மேலாளர் வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

“ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா?”

“ஒண்ணுமில்லை சார். நாளைக்குப் பார்க்கலாம்.”