மாமன் சீருக்கு ஒரு வண்டி

கடைப் பெண் அதை அவள் முன்னால் வைத்தாள்.

குடையைவிடக் கொஞ்சம் பருமன். உறை போட்டு, தோளில் மாட்ட ஒரு வாரும் தைத்திருந்தார்கள்.

"இதுதான் பிள்ளை வண்டியா?"

"ஆமா மேடம். பிரிச்சா வண்டி, மடக்குனா பை. பஸ்ல தலைக்கு மேல வச்சுக்கிரலாம். பிளேன்ல கூடக் கையிலயே கொண்டு போலாம்."

"நாங்க மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டத் தாண்டி எங்கம்மா போறோம்?"

சொல்லிவிட்டுத் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். தேன்மொழி பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அந்தக் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனாருக்கு அங்கேயே பற்றிக்கொண்டது.

அவள் வந்ததே துணைக்குத்தான். அப்படித்தான் தெருவில் சொல்லிவிட்டு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். தம்பி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். தேன்மொழியின் தம்பி காசிராஜனுக்கோ இப்போதுதான் மீசையே தடித்திருக்கிறது. நாலும் தெரிந்த ஒருத்தி கூட நிற்க வேண்டாமா?

சீர் வண்டி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்குக் காட்டியவளே அவள்தான்.

அவள் மகன் காதுகுத்துக்கு அவள் தம்பி ஒன்று கொண்டுவந்தானே! நாலு பெரிய சக்கரம். வெல்வெட் மெத்தை. மேலே பந்தல் மாதிரி கூரை, அதில் ஆடுகிற கிளிகள். மேளத்துக்கு அடுத்து அதுதான் வந்தது. பிள்ளை மண்டபத்தில் அழுதுகொண்டிருந்ததால், வண்டியில் ஒரு வாழைத்தார் உட்கார்ந்து வந்தது.

தெருவே எழுந்து நின்று பார்த்தது.

அந்த வாழைத்தாருக்குப் பிறகு அதில் யாரும் ஏறவில்லை. வாசலில் நுழையாது, சந்தில் திரும்பாது. இப்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. வெங்காயம் கொட்டி வைக்க வசதி.

அதை இப்போது யார் கேட்டது?

இந்தக் குடையை எந்தத் தட்டில் வைத்துத் தூக்கிவருவது, அதைச் சொல்லட்டும் முதலில். மேளத்துக்குப் பின்னால் ஒருவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்தால், மாமன் வருகிறான் என்பார்களா, ஊருக்குக் கிளம்பிவிட்டான் என்பார்களா?

"அந்தா, அத எறக்கும்மா."

மேல் தட்டில் இருந்த பெரிய வண்டியை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

காசிராஜன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். ஆனாலும் மாமன் அல்லவா.

"அக்கா, பெருசே எடுத்துருவோம்க்கா. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

சொன்னது தேன்மொழியிடம். குளிர்ந்தது இவளுக்கு. பையன் பிழைத்துக்கொள்வான்.

"மூணு மாடிடா," என்றாள் தேன்மொழி.

அவ்வளவுதான்.

மூன்று மாடிதான். லிஃப்ட் கிடையாதுதான். அதனால் என்ன? ஒரு போன் போட்டால் ஆள் வராதா? பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், தேன்மொழியைத் தனியாகக் கீழே இறங்க விட்டிருப்பார்களா? தடுப்பூசிக்கு மாமியார் கூட. கோயிலுக்கு இவள் கூட. முக்குக் கடைக்குக்கூடப் புருஷன் வந்த பிறகுதான். எந்த வீட்டில் மருமகளை இப்படித் தாங்குகிறார்கள்?

தாங்கினால் இப்படித்தான். குடை கேட்கும்.

கூடப் பிறந்தவன் பெரிய மனதோடு நிற்கிறான். தேன்மொழி அவன் மானத்தையும் சேர்த்து மடக்கி உறையில் போடப் பார்க்கிறாள்!

"நீயே சொல்லும்மா. சபையில எது எடுப்பா இருக்கும்?"

கடைப் பெண் சின்ன வண்டியைப் பிரித்தாள். பிரித்ததைத் தள்ளிக் காட்டினாள். திரும்ப மடக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டு உதறினாள்.

"பாத்தியா? விக்கிறவளுக்கே வரல."

தேன்மொழி முன்னால் வந்தாள்.

கைப்பிடியில் பெருவிரலால் ஓர் அழுத்து. கால் நுனியால் ஒரு தட்டு. மேலே ஒரு வெட்டு.

சடக்.

வண்டி குடையாகி அவள் கையில் நின்றது. பிள்ளை இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களாக்கா! அன்னைக்கு மாதிரியே ஒத்தக் கையில மடக்கிட்டீங்க!"



"எந்த அன்னைக்கு?" என்றாள் இவள்.

கடைப் பெண் கிலுகிலுப்பைகளைத் துடைக்கப் போய்விட்டாள். காசிராஜன் அக்கா முகத்தைப் பார்த்தான். பிறகு சின்னதற்கே பில் போடச் சொன்னான்.

எந்த அன்றைக்கு? மாமியார் பந்திக்குப் போன அன்றா? தம்பி டபுள் ஷிஃப்ட் பார்த்த அன்றா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, தெருவைக் கடந்து, பஸ் ஏறி, தனியாக இந்தக் கடைக்கு. தெருவை! அந்தத் தெருவில் பூனை குறுக்கே போனாலும் எந்த வீட்டுப் பூனை என்று சொல்லக்கூடியவள் இவள்.

இவள் கண்ணுக்குத் தப்பி.

அதுதான் சுட்டது.

தேன்மொழி வாரைத் தோளில் மாட்டினாள். இடுப்பில் பிள்ளை. தோளில் வண்டி. ஒரு கை சும்மா இருந்தது.

"அத இங்கிட்டுக் குடு. நான் தூக்கிட்டு வாரேன்."

"இருக்கட்டும் மதினி."

சும்மா இருந்த கையால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தேன்மொழி வெளியே போனாள்.

கதவு திரும்பி மூடுவதற்குள் ஓட வேண்டியிருந்தது இவளுக்கு.